நூறில் ஒரு பங்கு

தார்த்து நகரில் பிப்ரவரி.
எமயோகி ஆறு நடுவில் மட்டும் ஓடுகிறது.
மூன்றாம் மாடியில் நாங்கள் ஒன்பது பேர்.
இருநூற்றுப் பன்னிரண்டு ஆய்வு விண்ணப்பங்கள்,
பத்தொன்பதுக்குத்தான் பணம்.

உச்சியில் இருக்கும் பத்தை யாரும் கண்டுகொள்வார்கள்,
அடியில் கிடக்கும் நூறையும்.
நடுவில் உள்ளவைதான்
எப்படி வைத்தாலும் முள் அசையாதவை.
4.61 உள்ளே.
4.60 வெளியே.
இடையில் உள்ள நூறில் ஒரு பங்கில்
என்ன இருக்கிறது என்று கேட்டேன்.
"துல்லியம்" என்றார் தலைவர் கால்யு,
கண்ணாடியைத் துடைத்தபடி.

என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும்.
போன வருடம் அதற்குள் நான் இருந்தேன்.
மதியச் சாப்பாடு தாமதம், சூப்பில் ஆடை படிந்திருந்தது,
கையில் நூற்று முப்பதாவது விண்ணப்பம்:
காய்ந்துபோன சதுப்புப் பாசி
எத்தனை ஆண்டு தன் உயிரை மடித்து வைத்திருக்கும்?
நல்ல கேள்வி.
நான்கு போட வேண்டிய இடத்தில்
மூன்றரை போட்டேன்.
காரணம் எழுதும் கட்டத்தில்
"முறையியல் இன்னும் தெளிவாகலாம்".
எதைப் பற்றியும் சொல்லலாம் அப்படி,
மழையைப் பற்றிக்கூட.

அதனால்தான் இந்த முறை சொன்னேன்:
நடுவில் உள்ளவற்றுக்குச் சீட்டுக் குலுக்குவோம்.
யாருடைய திருவுளமும் வேண்டாம்,
வெறும் சீட்டு போதும்.

மெரிக்கே சிரித்துவிட்டாள்.
வரி கட்டுகிறவன் என்ன நினைப்பான்,
படித்தவர்கள் ஒன்பது பேர் கூடி
ஒரு தொப்பிக்குள் கையை விட்டால்?

இப்போதும் விட்டுக்கொண்டுதான் இருக்கிறோம் என்றேன்.
ஒன்பது தொப்பிகள்.
தலை என்று சொல்லிக்கொள்கிறோம்.

யாரும் ரசிக்கவில்லை.
வாக்கெடுப்பில் நான்குக்கு ஐந்து. தோற்றேன்.
ஐந்தாவது கை,
மூக்குச் சிந்த வெளியே போயிருந்த புவியியல்காரருடையது.
லிஃப்ட் உடனே வந்திருக்கிறது அவருக்கு.

ஜூன் மாதம் ஹியுமா தீவுக்குப் போகும் கப்பலில்
காபி ஊற்றித் தந்தவர் சட்டையில் பெயர் அட்டை:
ஐவார் பெடயாஸ்.
எனக்கு முதலில் ஞாபகம் வந்தது எண்தான்.
நூற்று முப்பது.

சொல்லிவிட்டேன்.
சூப், மூன்றரை, தொப்பி, எல்லாவற்றையும்.
ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை,
கடல் அன்று தட்டையாக இருந்தது.

அவர் மேடையைத் துடைத்தார்.
துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"முறையியல் என்று எழுதியது நீங்களா?
ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து
அதைத் தெளிவாக்கினேன்.
இப்போது தெளிவாக இருக்கிறது."

அனுப்பினீர்களா?

"இல்லை.
ஆனால் ஒன்று, அம்மா,
தொப்பி மட்டும் வேண்டாம்.
ஒரு மனிதர் என்னைப் படித்தார்,
படித்துவிட்டு வேண்டாம் என்றார் என்று
இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.
தொப்பியோடு நான் எப்படிச் சண்டை போட?"

படித்தார் என்ற சொல்லை
அவர் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்.
நான் படித்திருந்தேனா?
இரண்டாம் பக்கம் வரை நிச்சயமாக.

சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் ஒரு குடுவை.
அடியில் பழுப்பாகச் சுருண்டு ஒரு பிடி பாசி.
பதினாறு வருடமாக நீர் காட்டாதது.
ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாமே என்றேன்.
"விட்டால் கேள்வி முடிந்துவிடும்.
பதிலைக் குறித்துக்கொள்ள
என்னிடம் கருவி இல்லை."

என் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை.
வரும் பிப்ரவரியிலும் கையைத் தூக்குவேன்,
இந்த முறை அவர் சொன்னதையும் சேர்த்துச் சொல்லி,
இன்னும் மோசமாகத் தோற்பேன்.

காபிக்கும் ரொட்டிக்கும் ரசீதில் 5.91 யூரோ.
சில்லறையாகக் கொடுத்தால்
இங்கே இப்போது ஐந்து சென்ட் கணக்கில்
முழுமையாக்கிவிடுகிறார்கள், அதுதான் சட்டம்.
நான் நீட்டிய ஒரு சென்ட்டை
அவர் விரலால் என் பக்கமே தள்ளினார்.

கீழ்த்தளத்தில் கார்கள் உறுமத் தொடங்கின.
காசு மேடையிலேயே கிடந்தது,
நாங்கள் இருவரும் எடுக்காமல்.